சும்மாதானே போறீங்க

பம்பாய்க்குப் போவதென்று நாங்கள் முடிவு செய்தது ஒரு ஜனவரி மாதத்தில். ரயிலேறியது மே மாதத்தில். அந்த இடைவெளியில் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை. ஆறியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுபதுகளின் தொடக்கத்து நாட்குறிப்பு ஒன்று இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன். கூட்டிச் சொல்வது என் பழக்கமல்ல.

அப்போது நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. தினமும் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய்த் திரும்புவார். மகள் வேலூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். ரயில்வேக்காரர்களுக்குக் குடும்பத்தோடு இலவசமாகப் போய்வரப் பாஸ் உண்டு. இந்தியாவின் எந்த மூலைக்கும் அதில் போகலாம். எங்களுக்குக் கல்யாணமான பத்தொன்பது வருடங்களாக அந்தப் பாஸ் எங்களைப் பாளையங்கோட்டைக்கு மட்டுமே கொண்டுபோனது. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை, யாருக்காவது ஆப்பரேஷன். ஒரு ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் அந்த ஊருக்கு நாங்கள் போனதே இல்லை.

பம்பாய் என் விருப்பம். எட்டாம் வகுப்புப் பாடத்தில் இரண்டு வாக்கியங்கள் வரும்: பம்பாய் இயற்கைத் துறைமுகம், சென்னை செயற்கைத் துறைமுகம். பதினேழு வருடம் இவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். செயற்கைத் துறைமுகம் எனக்குத் தெரியும். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் கட்டிய சுவர்களைப் பீச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இயற்கைத் துறைமுகத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டுவதோடு சரி. அந்த ஜனவரியில் பழைய மாணவிகளின் நோட்டுப் புத்தகங்கள் சில கைக்கு வந்தன. பலகையில் நான் போட்ட படத்தை அப்படியே பார்த்து வரைந்திருந்தார்கள். ஒரு வருடத்து நோட்டில் பம்பாய்க்குக் கிழக்கே ஒரு தீவு இருந்தது. அடுத்த வருடத்து நோட்டில் அதே தீவு தெற்கே போயிருந்தது. மூன்றாவதில் தீவே இல்லை. பார்க்காததை வரைந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலையே கணவரிடம், இந்த வருடப் பாஸ் பம்பாய்க்கு என்றேன். அவர் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுப்பவரல்ல. அதுவே பின்னால் வினையானது.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். எந்த வண்டியில் போனால் பம்பாய்க்கு முன்னால் வரும் போர்காட் கணவாயைப் பகல் வெளிச்சத்தில் கடக்கலாம் என்று ரயில்வே அட்டவணையைப் பார்த்துக் குறித்தேன். பைகுல்லாவில் ஒரு மிஷன் விருந்தினர் இல்லத்துக்குக் கடிதம் எழுதி, அறை உண்டு என்ற பதிலையும் வாங்கினேன். பம்பாயில் எங்களுக்கு ஐந்து முழு நாட்கள். திங்கட்கிழமை கோட்டைப் பகுதியும் இரட்டைமாடி பஸ்ஸும். செவ்வாய் மலபார் குன்று. புதன் அருங்காட்சியகம். வியாழன் காலை ஒன்பது மணிக்குப் படகு. துறைமுகத்தின் நடுவே போகிற படகு, குகைகள் இருக்கும் தீவுவரை போய் மாலையில் திரும்பும். வெள்ளி பால் பண்ணை. மற்ற நான்கு நாட்களும் முன்பின்னாகப் போனாலும் பரவாயில்லை. வியாழனை மட்டும் சிவப்பு மையால் எழுதியிருந்தேன்.

இனி நான் செய்த தவறு. எங்கள் சபையில் யார் வெளியூர் போனாலும் பிரயாண ஜெபம் உண்டு. அதற்கென்று ஒரு சிறு சீட்டு இருக்கும். பெயர், விண்ணப்பம் என்று இரண்டே வரி. எல்லோரும் ‘பிரயாணம்’ என்ற ஒரு சொல்லை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நான் சீட்டின் இரண்டு பக்கமும் எழுதினேன். எந்தத் தேதி, எந்த வண்டி, எங்கே தங்குகிறோம், எத்தனை நாள், எதற்காக என்றெல்லாம் எழுதினேன். கர்த்தருக்கு வண்டியின் பெயர் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். எதையும் அரைகுறையாக எழுத என் கை வராது.

ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு, ஐயர் அந்தச் சீட்டின் இரண்டு பக்கத்தையும் பீடத்திலிருந்து படித்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பது வழக்கம். அவர் படித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு வாக்கியம் சேர்த்தார்.

“பம்பாயில் சொந்தபந்தங்கள் உள்ள சபையார் இவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.”

பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தச் சொல்லை அன்றைய நாட்குறிப்பில் அப்படியே எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். ஜெபத்துக்குக் கொடுத்த சீட்டு விளம்பரமாகிவிட்டது.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் பாடகர் குழுவில் பாடும் அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் சயானில் இருக்கிறான். அவனுக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். அங்கே கிடைக்கிறதெல்லாம் மணல். கொஞ்சம்தான், ஒரு சின்னப் பொட்டலம். கருவாட்டோடு ஒன்றரை நாள் ரயில் பயணமா என்று நான் தயங்கியதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“சும்மாதானே போறீங்க டீச்சர்” என்றார்.

அன்றுதான் முதல்முறை. பிறகு அந்தச் சொல்லை நான் கேட்காத நாள் கிடையாது. அவர்கள் வாயில் அது இரண்டு அர்த்தத்தில் வந்தது. ஒன்று, பாஸில் போகிறோம், காசு கொடுத்துப் போகவில்லை. மற்றொன்று, கல்யாணமோ சாவோ இல்லாமல் காரியமே இல்லாமல் போகிறோம். காரியமில்லாத பயணம் காலிப் பெட்டி மாதிரி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். இறந்தவரைப் பார்க்கப் போகிறவரிடம் யாரும் கருவாடு கொடுத்தனுப்புவதில்லை. உயிரோடிருக்கும் ஒரு நகரத்தைப் பார்க்கப் போகிறவளிடம் கொடுக்கலாமாம்.

செய்தி சபையோடு நிற்கவில்லை. மறுநாள் எதிர்வீட்டு மாமி வந்தார். அவர் கணவர் ஒரு பாங்கில் அதிகாரி, மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முலுண்டில் ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பையன் இன்ஜினீயர் என்கிறார்கள், விசாரிக்க ஆளில்லை. நான் கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைக்கவில்லை, அவர் புரிந்துகொள்ளட்டும் என்று.

“ஜாஸ்தி ஒண்ணும் வேண்டாம். அந்தப் பக்கமா போறச்சே சும்மா ஒரு எட்டு உள்ள நுழைஞ்சு பாத்துடுங்கோ. வீடு எப்படி, மனுஷா எப்படின்னு ஒங்களுக்குத் தெரியாததா?”

“அந்தப் பக்கம் நாங்க போகல மாமி. எங்க ப்ளான்ல முலுண்டே கிடையாது.”

“ப்ளான் என்ன ப்ளான், நீங்க போட்டதுதானே” என்று சிரித்தார். “ஆபீஸ் வேலையா என்ன, லேட்டானா மெமோ குடுக்க?”

நான் போட்டது என்பதாலேயே அதற்கு மதிப்பில்லையா? நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் கணவர் வந்து, அதனாலென்ன மாமி, பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பள்ளியிலிருந்து திரும்பியபோது, கூடத்தில் சணல் கயிறு கட்டிய ஒரு பெரிய கட்டு இருந்தது. நாற்பது கீர்த்தனைப் புத்தகங்கள். அம்பர்நாத்தில் உள்ள சின்னத் தமிழ்ச் சபை ஒன்றுக்கு. ஐயரே சைக்கிளில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இதுவும் ஒரு ஊழியம்தான் என்று சொன்னாராம். பக்கத்தில் நெத்திலிப் பொட்டலமும் வந்துவிட்டிருந்தது. அது சின்னப் பொட்டலம் அல்ல. ஒரு தலையணை அளவு இருந்தது.

பயணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கும்போதே கருவாட்டைக் கொடுத்த அறிவை என்னவென்று சொல்வது? பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. சார் ஏற்கெனவே சரியென்று வாங்கிக்கொண்டதாகவும், மகனுக்குக் கடிதமே போட்டாகிவிட்டதாகவும் சொல்லி எனக்கு மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். நாட்குறிப்பில் அன்று ஒரே வரிதான் இருக்கிறது: ‘திருப்பித் தர முடியவில்லை.’

இவர்களில் சேராத ஒருவர் இருக்கிறார். எங்கள் பள்ளியில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவர். பீர்க்கன்கரணையிலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்து வருவார். ஒரு சனிக்கிழமை, வகுப்பறையில் நான் தனியாக இருந்தபோது வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தார்.

“டீச்சர், பம்பாய்ல எனக்கு ஒரு தம்பி கீறான். ரெண்டு வருசமா லெட்டரே இல்ல. உசுரோட கீறானான்னு தெரில. உங்களுக்கு டைம் கெடச்சா மட்டும் பாருங்க டீச்சர். கெடைக்கலன்னா வுட்டுருங்க. நீங்க ஊரு பாக்கத்தான போறீங்க, அது கெடக்கூடாது.”

முந்தானையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குர்லாவில் ஒரு குடியிருப்பின் விலாசம். அதை நோட்டில் என் கையாலேயே வெள்ளிக்கிழமைக்கு எழுதிக்கொண்டேன். பால் பண்ணையை நானே அடித்தேன். கேட்கும் விதம் என்று ஒன்று இருக்கிறது. என் பயணமும் ஒரு காரியம்தான் என்று ஒப்புக்கொண்டு கேட்டவர் அவர் ஒருவரே. படித்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு மாலை. என் கணவர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஏதோ குறிப்பதைப் பார்த்தேன். எல்லாம் ஒரே லைன்தான் என்றார், கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்வதுபோல. பைகுல்லாவில் ஏறினால் சயான், அப்புறம் முலுண்டு, கடைசியில் அம்பர்நாத். இங்கே தாம்பரத்தில் ஏறிக் கூடுவாஞ்சேரி போகிற மாதிரி.

நான் வரைபடத்தை எடுத்து நூல் வைத்து அளந்து காட்டினேன். அம்பர்நாத் கூடுவாஞ்சேரி அல்ல. பீச்சில் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போகிற தூரம். அதில் நடுவழியில் இரண்டு இடத்தில் இறங்கி, வீடு தேடி, உட்கார்ந்து, காபி குடித்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும்.

“அதான் ஒரு நாள் இருக்கே” என்றார். “வியாழக்கெழம.”

“வியாழக்கெழம படகு.”

“படகுதானம்மா? சும்மா தண்ணியில போயிட்டு வர்றதுதான? அத இன்னொரு தடவ பாத்துக்கலாம்.”

மற்றவர்கள் சொன்னதைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. பதினேழு வருடம் நான் பாடம் தயாரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மாறிப்போன தீவின் கதையை நான் முதலில் சொன்னதே அவரிடம்தான். இன்னொரு தடவை என்கிறார். இந்த ஒரு தடவை வருவதற்கே பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் நான் கேட்ட பிறகு.

இரண்டு நாள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள், நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வியாழக்கிழமைக்குக் கீழே நடுவில் ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் ‘அவர்’, வலப்பக்கம் ‘நான்’. இடப்பக்கத்தில் சயான், முலுண்டு, அம்பர்நாத், புறநகர் ரயில்களின் நேரம், கொண்டுபோக வேண்டிய பொருள்கள். வலப்பக்கத்தில்: காலை ஒன்பது, படகு.

அவர் அதைப் படித்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“தனியாவா போவ?”

“ஆமா.”

“ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

“எந்த ஊர்ல? பம்பாய்க்கு நம்மளத் தெரியாது. தாம்பரத்துக்கு நீங்க சொன்னாத்தான் தெரியும்.”

வேண்டுமானால் பொட்டலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னோடு வாருங்கள் என்றும் சொன்னேன். வாங்கிவிட்டு எப்படித் திருப்பிக் கொடுப்பது, யார் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ரயிலில் நான் பயந்ததே நடந்தது. இரண்டாம் நாள் வெயிலில் நெத்திலி தன் இருப்பைப் பெட்டி முழுவதற்கும் தெரிவித்தது. எதிரே இருந்த குஜராத்திக் குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டது. போர்காட் கணவாயில் பின்னாலும் ஒரு எஞ்சின் சேர்த்து வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கினார்கள். சுரங்கக் குகைக்குள் நுழைவதும் வெளிச்சத்துக்கு வருவதும் கீழே பள்ளத்தாக்கு தெரிவதுமாக இருந்தது. எந்தக் கணவாயைப் பகலில் பார்க்க நான் அட்டவணையைப் புரட்டினேனோ, அதை வண்டி கடந்த நேரம் முழுவதும் என் கணவர் கதவருகில் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கே அவர் புத்தகக் கட்டோடு கிளம்பிவிட்டார். நான் எட்டரைக்குப் படகுத்துறையில் இருந்தேன். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படகின் மேல்தட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். தனியாகப் போனதற்கு யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகு கரையை விட்டுக் கால்மணி நேரம் ஆவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. நகரம் மேற்கே நீளமாகப் படுத்துக் கடலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே மறுகரையில் மலைகள். இரண்டுக்கும் நடுவே கடல் உள்ளே வந்து அடங்கிக் கிடக்கிறது. மெரினாவில் நான் பார்த்த அலைகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. சுவரோ கொட்டிய கல்லோ இல்லாத தண்ணீரில் பெரிய பெரிய கப்பல்கள் மாடுகள்போல் அசையாமல் நின்றன. தீவு கிழக்கே இருந்தது. நோட்டை எடுத்து வரைந்தேன். பதினேழு வருடத்தில் முதல்முறையாகப் பார்த்து வரைந்தேன்.

அவர் அறைக்குத் திரும்பியபோது விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. சயானில் மகன் வேலைக்குப் போயிருந்தானாம், பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாராம். முலுண்டில் மாப்பிள்ளைப் பையனும் வீட்டில் இல்லை. அம்பர்நாத்தில் சபையின் கோயில் பூட்டிக் கிடக்க, கோயிலைப் பெருக்குகிற அம்மாவைத் தேடிப் புத்தகங்களை ஒப்படைத்தாராம். தோளில் கயிறு பதிந்த கோடு சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை இருவருமாகக் குர்லாவில் அலைந்து, அந்தத் தம்பி கல்யாண் பக்கம் குடிபோய்விட்டான் என்று தெரிந்துகொண்டு புது விலாசம் வாங்கினோம். ஆள் உயிரோடிருக்கிறான். சனிக்கிழமை ரயில்.

ஊர் திரும்பிய அடுத்த வார ஞாயிறன்று, நாங்கள் பம்பாயிலுள்ள விசுவாசிகளைச் சந்தித்துத் திரும்பியதற்காக ஐயர் நன்றி ஜெபம் செய்தார். நெத்திலி பாதி தூளாகிவிட்டதாம், மகன் எழுதியிருக்கிறானாம் என்று பாடகர் குழு அம்மாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பையனைப் பார்க்காமல் வந்தது எதிர்வீட்டு மாமிக்கு ஏமாற்றம். போன காரியம் என்ன ஆனது என்று எல்லோரும் கேட்டார்கள். அவரவர் காரியத்தைத்தான் கேட்டார்கள். புது விலாசத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்ட பீர்க்கன்கரணை அம்மா மட்டும், கடலில் போனீர்களாமே, எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்து முழுவதையும் கேட்டார்.

என் பங்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் என் கோபம் எனக்காக அல்ல. என் கணவருக்கும் ஐந்து நாட்கள்தான் கிடைத்தன. அதில் ஒன்றை மூன்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது அவர்களுக்கும் தெரியாது, இழந்தது அவருக்கும் தெரியவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட என் மனது ஆறியிருக்கும். அதற்குப் பின் பாஸ் எங்களைப் பம்பாய்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. மறுவருடம் அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், அதற்கடுத்த வருடம் என் மாமனாருக்கு உடம்பு முடியவில்லை. போன மாதம்தான் அவர் ரிட்டயரானார்.

படகிலிருந்து பார்த்ததை நான் அவருக்கு இரண்டு முறை விவரமாகச் சொல்லியிருக்கிறேன், நோட்டில் உள்ள படத்தையும் காட்டி. இரண்டு முறையும் குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டாவது முறை முடித்தபோது நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, “முலுண்டுல நல்ல காபி குடுத்தாங்க” என்றார்.